வட்டத்துக்குள் ஒரு குறுக்குக் கோடு

1

நான் இங்கிலாந்துக்கு வந்து இந்தப் பங்குனியோடு ஏழு வருடம் முடிகிறது. ஏழு வருடமாக அங்கே என்னதான் செய்கிறாய் என்று ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: வட்டம் போடுகிறேன். சோமனூருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. பாஸ் செய்து, மில்லில் மூன்று வருடம் நூல் பரிசோதித்து, கப்பலில் வழி நெடுக வாந்தியெடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவனுக்கு இந்த நாட்டு அரசாங்கம் பார்த்துக் கொடுத்த வேலை அது.

வானிலை அலுவலகம் ஒன்றில் படம் குறிப்பவன் நான். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் வானத்தைப் பார்த்து, பார்த்ததை எண்களாக்கித் தந்தியில் அனுப்புவார். அந்த எண்களை ஒரு பெரிய படத்தில் அந்தந்த ஊரின் மேல் குறிகளாக மாற்றுவது என் வேலை. இரண்டு பேனாக்களைச் சேர்த்துக் கட்டிப் பிடித்திருப்பேன், ஒன்றில் கறுப்பு மை, மற்றதில் சிவப்பு. படம் முடிந்ததும் உள்ளறைக்குக் கொடுத்துவிட வேண்டும். அங்கே இருக்கும் பெரியவர்கள் அதன் மேல் வளைவு வளைவாகக் கோடு இழுத்து, நெற்றியைத் தேய்த்து, நாளைக்கு மழை என்பார்கள். இந்த நாட்டில் நாளைக்கு மழை என்று சொல்ல இத்தனை பேர் எதற்கு என்று வந்த வாரத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இன்னும் தீரவில்லை. பிழைப்பு நடக்க வேண்டும் என்பதால் வெளியே கேட்பதில்லை.

வந்த புதிதில் ஒரு நாள் காலை நல்ல மழை. நனைந்துகொண்டே அலுவலகத்துக்குள் நுழைந்து, “அருமையான நாள்” என்றேன். மனதாரச் சொன்னேன். நம் பக்கத்தில் மழை பெய்கிற நாளை வேறு எப்படிச் சொல்வது? அறை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு நகைச்சுவை உணர்வு உள்ளவன் என்று பெயர். இன்றைக்கும் மழை பெய்தால் யாராவது ஒருவர் என் மேசைக்கு வந்து, “அருமையான நாள், இல்லையா?” என்று கேட்டுவிட்டுத்தான் தொப்பியைக் கழற்றுகிறார். வருடத்தில் பாதி நாள் இது நடக்கிறது.

2

வானிலைப் படம் படிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஊருக்கு ஒரு சின்ன வட்டம். அந்த வட்டம்தான் அந்த ஊரின் வானம். வெறும் வட்டமாக இருந்தால் மேகமே இல்லை. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கு மேகம் மூடியிருக்கிறதோ அதற்குத் தக்கபடி வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். இரண்டு பங்கு என்றால் கால் வட்டம் கறுப்பு. நான்கு என்றால் வலது பாதி கறுப்பு. எட்டும் என்றால் வட்டம் முழுக்க மை.

இங்கேதான் புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். முழுக்கக் கறுத்த வட்டத்தைப் பார்த்ததும் கொட்டுகிற மழை என்று நினைத்துக்கொள்வார்கள். வட்டம் மேகத்துக்கு மட்டும். மழைக்குத் தனிக் குறி உண்டு, அது வட்டத்துக்கு இடப்பக்கம் வரும். புள்ளி வைத்தால் மழை. புள்ளிகள் கூடினால் மழை கூடுகிறது. கால்புள்ளி மாதிரி வாலோடு இருந்தால் தூறல். தலைகீழ் முக்கோணத்தின் மேல் புள்ளி இருந்தால் திடீரென்று வந்து திடீரென்று போகிற மழை. இடப்பக்கம் ஒன்றுமே இல்லாவிட்டால், வட்டம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

பயிற்சி முடிவில் ஒரு பரீட்சை வைத்தார்கள். முழுக் கறுப்பு வட்டம், தென்மேற்குக் காற்று பலமாக வீசுகிறது, அடுத்து என்ன எதிர்பார்க்கலாம் என்று ஒரு கேள்வி. என் கை தானாக எழுதியது: “ஒன்றும் இல்லை. காற்று மட்டும் அடிக்கும்.” ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் கூட்டம் கூட்டமாக வந்து, சோமனூரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொடியில் காய்கிற வேட்டியைத் தூக்கிக்கொண்டு கிழக்கே போவதைப் பார்த்து வளர்ந்தவன் வேறு என்ன எழுதுவான்? பரீட்சைத் தாளில் சிவப்பு மையில், “இவர் எந்த உலகத்தில் இருக்கிறார்?” என்று எழுதித் தந்தார்கள். அது நியாயமான கேள்விதான்.

எட்டுப் பங்குக்கு மேல் ஒன்பது என்று ஓர் எண்ணும் வரும். புழுதியோ மூடுபனியோ மறைத்து, பார்க்கிறவருக்கு வானமே தெரியாவிட்டால் ஒன்பது. அதற்கு வட்டத்துக்குள் குறுக்காக இரண்டு கோடு போட வேண்டும், பெருக்கல் குறி மாதிரி. இதை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

3

மூன்றாம் வருடம் ஊருக்கு வந்தபோது அப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். அம்மா போன பிறகு தோட்டத்தில் அவர் தனியாகத்தான் இருக்கிறார். பருத்தி போடுவார், சோளம் போடுவார், மற்ற நேரமெல்லாம் வானத்தைப் பார்ப்பார்.

“எம்பையன் சீமையில மழை எழுதறான்னு ஊர்ல சொல்லிப்போட்டேன் கண்ணு. எப்ப பேயும்னு ஆளாளுக்கு வந்து கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“மழை எழுதறதில்லீங்க ஐயா. பேஞ்சதைத்தான் எழுதறேன்.”

“பேஞ்சதுதான் எல்லாத்துக்கும் தெரியுமே. அதுக்கா அவ்வளவு தூரம் போயிருக்கே?”

பேச்சை மாற்றுவதற்காக ஒரு குச்சியால் மண்ணில் வட்டம் போட்டு, வானத்தை எட்டாகப் பிரிப்பதை விளக்க ஆரம்பித்தேன். இங்கே என்னோடு பயிற்சிக்கு வந்தவர்கள் ஒரு வாரம் திணறிய பாடம் அது. அப்பா பாதியிலேயே கையமர்த்தினார்.

“எட்டுல ஒண்ணுன்னா அரைக்கால். ரெண்டுன்னா கால். ஏழுன்னா முக்காலே அரைக்கால். இதென்ன புதுசா? எண்ணெய் அளக்கறதுதானே.”

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அரை மணி நேரத்தில் எல்லாக் குறியும் பிடித்துக்கொண்டார். கடைசியாக அந்தக் குறுக்குக் கோட்டைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். “இது?”

“வானமே தெரியலைன்னா போடறதுங்க. நம்மூருக்கு அது வேண்டியதில்லீங்க.”

“வேணுமோ வேண்டாமோ, தெரிஞ்சு வெச்சுக்கோணும். தெரியலைன்னா தெரியலைன்னுதான் போடோணும். சும்மா ஒண்ணைப் போட்டுரக் கூடாது.”

அன்றைக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அப்பாவின் கடிதங்களைச் சோமனூர்ச் சந்தையடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ராவுத்தர்தான் எழுதுவார். மாதம் ஒரு முறை, சந்தை நாளில், சாயங்காலம் ஐந்தரைக்கு. அப்போது இங்கே நண்பகல் பன்னிரண்டு; எங்கள் அலுவலகத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து தந்தி வரும் நேரமும் அதுதான். கடிதத்தின் மேல் மூலையில், அந்த நேரத்து வானத்தை அப்பாவே ஒரு வட்டமாகப் போட்டு அனுப்ப வேண்டும். “எனக்கு எழுத்துத்தான் வராது, வட்டம் வரும்” என்றார். ராவுத்தரின் காதில் செருகியிருக்கும் பென்சிலை வாங்கிப் போடுவதாக ஏற்பாடு.

4

ராவுத்தர் எழுதுகிற கடிதங்களில் செய்தி ஏதும் இருக்காது. “இங்கு யாவரும் நலம், அவ்விடம் நலத்துக்கு எழுதவும்” என்று தொடங்கி, மாடு கன்று ஈன்றது வரை வந்து, “மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை” என்று முடியும். நம் பக்கத்தில் கடல் கடந்து போனவனுக்குக் கெட்ட சேதி எழுதுகிற வழக்கம் கிடையாது. வீடு பற்றி எரிந்தாலும், குளிர் காய்கிறோம் என்றுதான் எழுதுவார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதே எனக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

ஆனால் அந்த மூலை வட்டம் மட்டும் பொய் சொல்லாது. கோணல் மாணலாக, சப்பிய எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும். ஆடியில் முழுக் கறுப்பு, இடப்பக்கம் ஒன்றுமில்லை. ஐப்பசியில் முக்கால் கறுப்பு, இரண்டு புள்ளி. என் படத்தில் நம்மூர் கிடையாது. சென்னை உண்டு, திருவனந்தபுரம் உண்டு, கோயமுத்தூருக்கு இடமில்லை. ஒரு முறை ஆசைக்கு நானாக ஒரு வட்டம் போட்டுவிட்டேன். யாரும் கேட்காத வட்டம் எப்படி வந்தது என்று மூன்று பேர் கையெழுத்தோடு எனக்கு ஒரு தாள் வந்தது. அதற்குப் பிறகு அப்பாவின் வட்டம்தான் எனக்குக் கோயமுத்தூர்.

அதோடு விட்டிருக்கலாம். நான் அதிகாரி ஆனேன். படத்தில் இடமில்லாவிட்டாலும் கோயமுத்தூர்த் தந்தி எங்கள் கோப்பில் சேரும். அந்தந்த நாள் வந்த எண்களை அந்தக் கோப்பிலிருந்து எடுத்து, அப்பாவின் வட்டத்தோடு ஒப்பிட்டு, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு எழுத ஆரம்பித்தேன். பிறந்ததிலிருந்து வானத்தைப் பார்த்துப் பிழைத்தவருக்கு நான் மார்க் போட்டேன். அவர் பெரும்பாலும் ஒன்பது வாங்கினார். பத்து போட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்று கேட்காதீர்கள்.

போன சித்திரையில் வந்த கடிதத்தில் வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்டிருந்தது. கோப்பைப் பார்த்தேன். அன்றைக்கு வானத்தில் மேகமே இல்லை, எட்டு மைலுக்குப் பார்வை தெளிவு. எனக்குச் சிரிப்பு வந்தது. “சித்திரை வெயிலில் சோமனூருக்கு மூடுபனி வந்திருப்பது இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பத்திரிகையில் போடுவார்கள்” என்று எழுதினேன். வைகாசியிலும் குறுக்குக் கோடு. அப்போது கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன். “குறுக்குக் கோடு மூடுபனிக்கும் புழுதிக்கும் மட்டும். ஒழுங்காகப் பார்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் போடவே வேண்டாம்.” கூடவே குறிகளைப் புதிதாக வரைந்து ஒரு தாளும் வைத்தேன். பத்துக்குப் பூஜ்யம் போட்டதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனியிலிருந்து வட்டங்கள் சரியாக வந்தன. சரி என்றால் அப்படியொரு சரி. ஆனியில் அரை, ஆடியில் முழுக் கறுப்பு, புரட்டாசியில் கால். வட்டமும் கோணல் போய்க் காசு வைத்து வரைந்தது போல உருண்டையாக இருந்தது. என் கண்டிப்புக்குக் கிடைத்த பலன் என்று நினைத்துப் பூரித்துப் போனேன். அந்தப் புரட்டாசியில்தான் முதல் முறையாகப் பத்துக்குப் பத்து போட்டேன்.

5

என் மகள் மல்லிகாவுக்கு ஒன்பது வயது. தமிழில் அவளுக்கு மூன்று வாக்கியம் தெரியும். மூன்றும் சாப்பாட்டைப் பற்றியவை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், நடுவில் என் மனைவி கமலம் இரண்டு பேரையும் திட்டுவாள். எங்கள் வீட்டில் உரையாடல் என்பது இதுதான். இந்தப் பெண் வளர்ந்து தாத்தாவோடு எப்படிப் பேசுவாள் என்று கமலம் கவலைப்படுவாள். வட்டம் போட்டுப் பேசட்டும் என்று நான் கிண்டல் செய்வேன்.

கார்த்திகை மாதம் அவள் பள்ளியில் வானிலைப் பாடம் வந்தது. வேறு ஓர் ஊரின் வானிலையை யாராவது வரைந்ததைக் கொண்டுவர வேண்டுமாம். அலுவலகத் தாள் வெளியே வரக்கூடாது என்பதால் அப்பாவின் கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பிவைத்து, ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சித்திரைக் கடிதத்தில் நின்றாள்.

“இந்தக் குறி என்னப்பா?” ஆங்கிலத்தில்தான்.

“அதை விடு. அது தாத்தா செய்த தப்பு.”

“குறிக்கு அர்த்தம் என்ன?”

“வானம் தெரியவில்லை என்று அர்த்தம்.”

அவள் வைகாசிக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “அப்படின்னா தாத்தாவுக்கு வானம் தெரியலை. அதைத்தானே போட்டிருக்கார்? இதுல என்ன தப்பு?” பிறகு ஆனிக் கடிதத்தைக் காட்டி, “இது தாத்தா வரைஞ்சது இல்லையே. வேற ஆள்” என்றாள்.

எழுத்துக் கூட்டிக்கூடத் தமிழ் படிக்கத் தெரியாத பெண் என் அப்பாவின் கடிதத்தைப் படித்துவிட்டாள். இரண்டு பாஷையும், ஒரு பட்டமும், ஏழு வருடச் சர்வீசும் உள்ள நான் அதற்குப் பூஜ்யம் போட்டு அனுப்பியிருந்தேன். கமலம் சமையலறையிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

6

ராவுத்தருக்குத் தந்தி கொடுத்தேன். பதில் கடிதமாக வந்தது. அதில் நலமெல்லாம் எழுதியிருக்கவில்லை.

“தம்பிக்கு ராவுத்தர் எழுதிக்கொண்டது. உங்கள் ஐயனுக்குப் பங்குனியிலிருந்தே கண்ணில் மங்கல். யாரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாக உங்களுக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ‘எழுதுனா பையன் வேலையப் போட்டுப்போட்டு ஓடியாந்துருவானுங்க’ என்றார். வட்டத்தை மட்டும், ‘அதுல நான் பொய் போடமாட்டேன், அது அவனோட ஆபீசு விசயம்’ என்று தட்டுத் தடுமாறித் தானே போட்டார். நீங்கள் மூடுபனிக் குறி என்று எழுதியிருந்ததால் அவர் ஏதோ மறந்து போடுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். உங்களுடைய வைகாசிக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பென்சிலை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அப்புறம், ‘அவன் சொல்றது சரிதானுங்க. இனிமே நீங்களே பாத்துப் போட்டுருங்க’ என்றார். அதற்குப் பிறகு நான்தான் நாலணாக் காசை வைத்து வட்டம் போட்டேன்.”

விடுமுறை கேட்கப் போனேன். இந்த அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. குடும்பக் காரணத்துக்கான படிவத்தில் மூன்றாவது கட்டம், ‘உறவினர் இறந்த தேதி’. தேதி இல்லை, கண்தான் போகிறது என்றேன். மேலாளர் மிகவும் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், நல்ல மனிதர். ஆனால் கண்ணுக்குக் கட்டம் இல்லையே என்றார். வருட விடுமுறையை நாங்கள் ஆகஸ்டிலேயே ஒரு கடற்கரையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து முடித்துவிட்டோம். அடுத்தது சித்திரையில்தான். நான் சண்டை போட்டிருக்கலாம், வேலையை விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அப்பா பயந்தது அதற்குத்தான். நான் அப்படிச் செய்யக்கூடியவன் என்று என்னைப் பற்றி அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் மேசைக்குத் திரும்பி வந்தேன்.

ராவுத்தர்தான் கடையை மூடிவிட்டு அப்பாவைக் கோயமுத்தூர்க் கண்ணாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். எட்டு நாள் கூடவே இருந்தார். இடது கண்ணில் ஆப்பரேசன் செய்தார்கள். வலது கண்ணைப் பார்த்த டாக்டர், ஆறு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இதையும் காப்பாற்றியிருக்கலாம் என்று சொன்னாராம். ராவுத்தர் இதையும் எழுதியிருந்தார். சித்திரைக் கடிதம் வந்து அப்போது எட்டு மாதம்; எட்டில் ஆறைக் கழித்துப் பார்க்க எனக்குப் பரீட்சை தேவையில்லை.

போன வாரம் மாசி மாதக் கடிதம் வந்தது. மேல் மூலையில் வட்டம். கோணலாக, சப்பிய எலுமிச்சம்பழம் மாதிரி. பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. வட்டத்தின் வலது பாதி அழுத்தமாகக் கறுத்திருந்தது. இடது பாதி வெள்ளையாக விட்டிருந்தது. கீழே ராவுத்தர் எழுதியிருந்தார்:

“உங்கள் ஐயன் கட்டு அவிழ்த்த பிறகு முதல் முதலாகப் பென்சிலைக் கேட்டு வாங்கினார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லீங்க, வெறும் வட்டம் போடுங்க என்று நான் எவ்வளவோ சொன்னேன். ‘எனக்குப் பாதிதானுங்க தெரியுது, தெரியறதத்தான் போடோணும்’ என்கிறார். தப்பாக இருந்தால் தம்பி திருத்தி எழுதவும்.”

அன்றைய கோயமுத்தூர்த் தந்தி கோப்பில் இருக்கிறது. நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை. திருத்தமும் எழுதவில்லை.